வரலாற்று வாசகமும் மறக்கப்பட்ட வீரரும்: சேலம், நாமக்கல் நாட்டை முன்னிட்டு ஓர் ஆய்வுரை

பள்ளிச் சிறார்க்கென எழுதப்பெறும் வரலாற்று வாசகம் அளவிற் சிறியது. அதன் ஆட்சியோ பெரிது. பல்கலைக்கழகத்தார் வெளியிடும் ஆராய்ச்சிப் பெருநூலைச் சில நூறு பேர் கற்பின் அதுவே மிகுதி. வாசக நூலையோ ஒரு தலைமுறை முழுதும் கற்கின்றது. கற்றபின் வேறொரு வரலாற்று நூலைக் கையால் தொடாதாரே அவருட் பலர். அன்னார் உள்ளத்தில் ஓரியும் அதியமானும் கட்டபொம்மனும் சின்னமலையும் எவ்வுருவில் நிற்கின்றனரோ, அவ்வுருவே நாட்டின் வரலாறாக ஐம்பதாண்டு நின்று நிலவும். ஆதலின், வாசக நூலை ஆராய்தல் ஆராய்ச்சியாளர்க்கு அடாத சிறுபணி என்று ஒதுக்குதல் பொருந்துவதன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளில் பெருவழக்காய் இருந்தவற்றுள் மார்ஸ்டன் என்பார் இயற்றிய இந்திய வரலாறு ஒன்று. அதுவும் அதனையொத்த பிறவும் பேரரசர் நிரலையும் கவர்னர் ஜெனரல்களின் நிரலையும் முதன்மையாகக் கொண்டவை. அவற்றைக் கற்ற சேலத்துச் சிறுவன் தன் ஊரை ‘ஜில்லா பூகோளம்’ என்னும் சிறு நூலிற் கண்டிருப்பான், வரலாற்றிற் கண்டிரான். மலையும் ஆறும் தாதுப்பொருளும் அவன் ஊருக்கு உண்டு. கடந்த காலம் மட்டும் இல்லை. விடுதலைக்குப்பின் இக்குறை சிறிது சிறிதாக நீங்கி வந்துள்ளது. பூலித்தேவர், வேலுநாச்சியார், மருதிருவர், தீரன் சின்னமலை ஆகியோர்க்கு இன்றைய தமிழகப் பாடநூல்கள் தனியிடம் தந்துள்ளன. இது நல்ல மாற்றமே.

ஆயினும், மறக்கப்பட்டாரை நினைவூட்டும் முறையில் ஒரு குறை தங்கிவிட்டது. பிறந்த ஊர், செய்த போர், இறந்த நாள், பின்னர் எழுப்பிய மணிமண்டபம் என்னும் நான்கையும் கூறியவுடன் பாடம் முடிந்துவிடுகின்றது. இவையெல்லாம் நமக்கு எவ்வாறு தெரியவந்தன என்பது கூறப்படுவதில்லை. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. சான்று கூறாது புகுத்தப்பெற்ற வீரரைச் சான்று கூறாதே நீக்கவும் இயலும்; குரல் மிகுந்தோர் தமக்கு வேண்டிய வேறொருவரை அவ்விடத்து வைக்கவும் இயலும். வீரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குலத்தாரின் தனியுடைமையாகிவரும் இந்நாளில் இஃது ஏட்டளவில் நிற்கும் அச்சமன்று. வீரரை வாசகத்துட் புகுத்துங்கால், அவர் நம்மை வந்தடைந்த வழியையும் உடன் புகுத்துதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்குச் சேலம், நாமக்கல் சமவெளியினும் ஏற்ற நிலம் கிடைப்பது அரிது. ஒரு நாட்பயண எல்லைக்குள் பாட்டும் கல்லும் வாய்மொழியும் நீதிமன்ற ஏடும் என நால்வேறு வகைச் சான்றுகள் இங்கே கிடக்கின்றன.

இந்நிலத்தின் எல்லையை முதற்கண் கூறிவிடுதல் நன்று. வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் காவிரி. நாமக்கல் 1997 ஜனவரி முதல் நாளில் தனி மாவட்டமாயிற்று. தருமபுரி 1965-இலேயே சேலத்தினின்றும் பிரிந்தது. பழைய சேலம் மாவட்டத்தைக் கொண்டு நோக்கின், அதியமானின் தகடூரும் இதனுள் அடங்கும்.

முதலில் ஓரியை எடுத்துக்கொள்வோம். கடையெழு வள்ளல்கள் என்று எழுவர் பெயரை மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவன் இல்லை. பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி என அவன் ஒரே மூச்சில் ஒப்பிப்பான். எழுவரும் ஒரே அவையில் அமர்ந்து பரிசில் வழங்கியது போன்றதொரு தோற்றம் அவன் உள்ளத்தே எழும். அவ்வெழுவருள் ஒருவனை மற்றொருவன் கொன்றான் என்பதை அவனுக்கு எவரும் கூறுவதில்லை. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைக் கொன்றவன் முள்ளூர் மலைக்குரிய மலையமான் திருமுடிக்காரி. கொன்றவன், கொல்லப்பட்டவன் இருவரும் வள்ளல் நிரலில் உளர். இதில் வியப்பு என்னவெனின், அந்நிரலை நமக்குத் தந்த சிறுபாணாற்றுப்படை இச்செய்தியை மறைக்கவில்லை. நல்லூர் நத்தத்தனார் ஓரியைக் குறிக்குமிடத்துக் காரியோடு பொருதவன் என்று அடைகொடுத்தே கூறுகின்றார். இருவர்தம் குதிரைகளின் பெயரையும் உடன் சுட்டுகின்றார். புலவர் கூறியதை வாசக ஆசிரியர் விட்டுவிட்டனர். வள்ளன்மைக்கு இழுக்கு நேருமென அஞ்சினர் போலும்.

காரி ஓரியைக் கொன்றான் என்பதற்குரிய தெளிவான சான்றுகள் புறப்பாடல்களினும் அகப்பாடல்களிலேயே கிடைப்பது மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்கது. அகநானூற்றில் கல்லாடனார், தலைவியின் அழகுக்குக் கொல்லிமலைப் பாவையை உவமை கூறவந்தவர், அம்மலை காரி ஓரியைக் கொன்று சேரர்க்கு அளித்தது என்று போகிறபோக்கில் கூறிச் செல்கின்றார். நற்றிணையில் கபிலர், ஊரில் எழுந்த ஆரவாரத்துக்கு உவமையாக, ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபொழுது எழுந்த பேரொலியைச் சுட்டுகின்றார். இவ்விருவரும் வரலாறு எழுத அமர்ந்தவரல்லர். காதற்பாட்டுக்கு உவமை தேடினவர். கேட்போர் அனைவரும் அறிந்த செய்தியே உவமையாகப் பயன்படும். சான்று கூறும் நோக்கமின்றி ஒருவர் கூறிய சொல், புகழ்வதற்கென்றே கூறிய சொல்லினும் பலவிடத்து நம்பத்தக்கது. இந்நுட்பத்தைப் பதின்மூன்று வயதுச் சிறுவனும் உணர்வான். பகைவனது ஊர்த்தெரு என்னும் காட்சி ஒன்றே அவனுக்குப் போதும்.

புகழ்ச்சிப் பாட்டும் இல்லாமல் இல்லை. ஓரியின் ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிற்று என்று வன்பரணர் பாடிய புறப்பாட்டை அனைவரும் அறிவர். வாசகங்கள் இதனை ஒரு வரலாற்று நிகழ்ச்சி போலவே எழுதிவிடுகின்றன. அப்பாட்டை முழுதும் படித்தால், காட்டில் வேட்டுவன் ஒருவனைக் கண்ட பாணர் கூட்டம், இவன் யாரோ, கூலிக்கு வேட்டையாடுபவன் போலத் தோன்றவில்லையே, ஓரிதானோ என்று ஐயுற்று, விறலியரைப் பாடச் செய்ய, அவன் தன் பெயர் கேட்டு நாணிய கதை தெரியும். அம்பு துளைத்த விலங்குகளின் எண்ணிக்கையினும், ஓர் அரசன் காட்டில் தனித்து நின்று, பாடினார்க்கு இறைச்சியும் பொன்னும் கொடுத்தான் என்னும் செய்தியே அக்காலத்துக் குறுநில வாழ்வை நன்கு காட்டுவது. சுவிட்சர்லாந்து நாட்டுச் சிறார் வில்லியம் டெல் என்னும் வில்லாளனைப் பற்றிப் படிப்பர். அவன் வாழ்ந்ததாகக் கூறும் ஆண்டு 1307. அவன் கதை ஏட்டில் ஏறியதோ ஏறத்தாழ 1470-இல். இடையே நூற்றறுபதாண்டு. ஓரியை நேரிற் கண்டு பரிசில் பெற்றதாகக் கூறும் புலவர் பாட்டு நம்மிடம் உள்ளது. வில்லாளர் இருவரையும் சான்றின் வன்மையால் ஒப்பிடின் நம் கொல்லித் தலைவன் பின்னிடான்.

ஓரியின் முடிவோடு கதை முடியவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றதை ஔவையார் பாடியுள்ளார்; கோவலூர் காரியின் ஊர். கொல்லியைக் காரி சேரர்க்கு அளித்தான். பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் பாடினார். இவற்றைக் கோவைப்படுத்தி, அதியமானிடம் தோற்ற காரி சேரனை அடைந்தான், சேரனுக்காக ஓரியைக் கொன்றான், அதன்பின் சேரன் அதியமான்மேற் படையெடுத்தான் என்று அறிஞர் ஒரு தொடர்கதை அமைப்பர். நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் பாட்டில் உள்ளன. அவற்றை இணைக்கும் ‘ஆதலால்’ என்னும் சொல் பிற்காலத்தாரது. இவ்வேறுபாட்டை வாசகம் ஒரு வரியிற் கூறலாம். கூறினால் கதையின் சுவை குன்றாது.

பாட்டைக் கல் தாங்கிய இடமும் உண்டு. அசோகரின் பாறைக் கட்டளைகள் சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்பாரையும் குறிக்கின்றன. அவர் யாவர் என்று அறிஞர் பலகாலம் வாதிட்டனர். துளுநாட்டார் என்றாரும், காஞ்சியார் என்றாரும், அதியமான் மரபினர் என்றாரும் உளர். 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் தமிழிக் கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. சத்தியபுத்திரன் என்னும் அடைமொழியோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் அதில் உள்ளது. அவன் துறவியர்க்கு அளித்த உறைவிடத்தை அது குறிக்கின்றது. இதனைக் கி.பி. முதல் நூற்றாண்டினது என்பர். பழைய வாதம் இதனால் பெரும்பாலும் தீர்ந்தது. அதனினும் சுவையுடையது கல் இருக்குமிடம். அஞ்சி கோவலூரை வென்றான் என்பது ஔவையார் பாட்டு. அக்கோவலூர்ப் பக்கத்திலேயே, தகடூரிலிருந்து நெடுந்தொலைவில், அவன் பெயர் கல்லில் நிற்கின்றது. 1981-க்கு முன் எழுதிய வாசகத்தையும் பின் எழுதிய வாசகத்தையும் அருகருகே வைத்து மாணவர்க்குக் காட்டினால், வரலாறு மாறுவது எவ்வாறு என்பதை அவர்களே கண்டுகொள்வர். காவிரிக்கு அப்பால், வேலூருக்கு எதிர்க்கரையிலுள்ள புகழூர் ஆறுநாட்டார் மலையிலும் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையாரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. ஓரியை மட்டும் நாம் பாட்டாலேயே அறிகின்றோம்.

அதியர் மரபு தகடூர்ப் போரோடு அழிந்துவிடவில்லை என்பதற்கு நாமக்கல் பாறை சான்று. இதனை ஏனோ வாசகங்கள் பெரிதும் புறக்கணித்துள்ளன. பாறையின் கீழைப்பக்கத்தில் அரங்கநாதர் குடைவரையும், மேலைப்பக்கத்தில் நரசிம்மர் குடைவரையும் உள்ளன. அரங்கநாதர் குடைவரையில் கிரந்த எழுத்தில் வடமொழியில் அமைந்த கல்வெட்டு, அதனைக் குடைவித்தவன் அதியர் குலத்துக் குணசீலன் என்று கூறுகின்றது. கோயிலுக்கும் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று தன் குலப்பெயரையே இட்டான். காலம் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அந்நாளிற் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் அதியனை ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் ஆகிய இடங்களில் வென்றதாகவும், அதியனுக்குத் துணையாகப் பல்லவனும் சேரனும் வந்ததாகவும் பாண்டியர் செப்பேடு புகழ்கின்றது. தோற்றவனைப் பற்றி வென்றவன் கூறியது செப்பேட்டில். தன்னைப் பற்றித் தோற்ற குலத்தார் கூறியது பாறையில். இவ்வாறு இருதரப்புச் சொல்லும் ஒரே நூற்றாண்டிலிருந்து எஞ்சியிருப்பது எல்லா ஊர்க்கும் வாய்ப்பதன்று. பாறையின் உச்சியில் நிற்கும் கோட்டையைத் திப்புவின் கோட்டை என்று வழங்குவோர் பலர். கோட்டை குடைவரைக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. ஒரே பாறையில் காலங்கள் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருப்பதையும், பழமை கீழே இருப்பதையும் மாணவர் கண்ணாற் காணலாம். அவ்வூர்க்குத் திருவாரைக்கல் என்னும் பழம்பெயர் உண்டென்பதையும் உடன் கூறலாம். ஆண்டுதோறும் மாணவர் அங்குச் சுற்றுலாச் செல்கின்றனர். அனுமன் சிலையின் உயரம் பதினெட்டடி என்று குறித்துக்கொண்டு திரும்புகின்றனர்.

வாய்மொழிச் சான்றின் வன்மையும் மென்மையும் சின்னமலையின் வரலாற்றில் ஒருங்கே புலப்படும். தீர்த்தகிரி என்னும் இயற்பெயருடைய தீரன் சின்னமலை 1805 ஜூலை 31-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார் என்பது வழங்கும் வரலாறு. அவரைப் பற்றிய செய்திகள் நாட்டுவழக்கிலும் கதைப்பாட்டிலும் நெடுங்காலம் வாழ்ந்தன. அவற்றைத் தொகுத்து நூலாக்கினாருள் புலவர் குழந்தை முன்னிற்பவர். மைசூர் அரசுக்குச் சென்ற வரிப்பணத்தை அவர் வழிமறித்துக் கைப்பற்றி, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல்லுமாறு ஏவலரை விடுத்தார் என்பது அவ்வழக்குகளுள் மிக இனியது. பின்னர் அதே மைசூர்த் திப்புவுக்குத் துணையாகக் கும்பினியாரை எதிர்த்தார் என்பதும் அவ்வழக்கே. முன்னதும் பின்னதும் முரண்போலத் தோன்றும். வாசக ஆசிரியருட் சிலர் முன்னதை நகைச்சுவையாகச் சுருக்கிவிட்டுப் பின்னதை மட்டும் விரிப்பர். வலியோர் இருவர் நடுவே நின்ற ஒரு பாளையக்காரனுக்கு இவ்விரு நிலையும் இயல்பே; நேற்று வரி கேட்டவன் இன்று துணைவனாதல் அந்நூற்றாண்டின் அரசியல். முரணை நீக்கினால் மனிதர் மறைந்துவிடுவார். சிலை ஒன்றே எஞ்சும்.

ஈண்டு ஒரு சிறு கணக்கை மாணவர்க்குக் கொடுக்கலாம். சின்னமலை இறந்தது ஆடிப்பெருக்கு நாள் என்பது மக்கள் வழக்கு. அரசும் ஆடிப் பதினெட்டில் அவரை நினைவுகூர்கின்றது. இந்நாளில் ஆடிப் பதினெட்டு ஆகஸ்டு 2 அல்லது 3-இல் வரும். ஆண்டு கூறுவோரோ ஜூலை 31 என்கின்றனர். இரண்டும் எவ்வாறு ஒக்கும் என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், அவனைக் கடிந்துகொள்ளும் ஆசிரியரும் உளர், பாராட்டுதலே தகும். நம் ஆண்டு ஞாயிறு விண்மீன் மண்டலத்தைச் சுற்றிவரும் தோற்றத்தை ஒட்டியது. ஆங்கில ஆண்டு பருவங்களை ஒட்டியது. இரண்டுக்கும் ஏறத்தாழ எழுபதாண்டுக்கு ஒருநாள் வேறுபடும். இருநூறாண்டுக்கு மூன்று நாள் என்று கொண்டு பின்னோக்கிக் கணித்தால் 1805-இல் ஆடிப் பதினெட்டு ஜூலை இறுதியில் வந்து நிற்கும். வழக்கும் ஆண்டுக்குறிப்பும் ஒத்துவிடுகின்றன. ஆயின் இவ்வொற்றுமை கண்டு உடனே மகிழ்ந்துவிடுதலும் ஆகாது. ஆடிப்பெருக்கு என்னும் வழக்கைக் கொண்டே பிற்காலத்தார் ஒருவர் ஆங்கில நாளைக் கணித்திருப்பின், ஒரு சான்றே இருமுறை கூறப்பட்டதாக முடியும். இரு சான்று ஆகாது. இவ்வையத்தை எழுப்புவதால் சின்னமலையின் புகழுக்கு மாசு நேராது. சங்ககிரி மலையில் வாயில் வாயிலாக ஏறிச் செல்லும் மாணவன் இக்கணக்கை மனத்திற்கொண்டு ஏறினால், வெறும் கைதட்டலினும் ஆழ்ந்த ஒன்றை அவருக்கு அளித்தவனாவான்.

இனி, உண்மையாகவே மறக்கப்பட்ட ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும். சேலம் சி. விஜயராகவாச்சாரியார் 1852-இல் செங்கற்பட்டுப் பகுதியிற் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராய் அமர்ந்து, 1944-இல் மறைந்தவர். தென்னாட்டுச் சிங்கம் என்று அந்நாளில் இந்தியா முழுதும் பேசப்பட்டவர். 1920 டிசம்பரில் நாகபுரியிற் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்; ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதிபெற்றதும், மொழிவழி மாகாணங்களாகக் காங்கிரசு அமைப்பு வகுக்கப்பெற்றதும் அம்மாநாட்டில்தான். காந்தியடிகளின் திட்டத்துக்கு அவர் முழுதும் உடன்பட்டவர் அல்லர் என்பதும் உண்மை. பிற்காலத்தில் இந்து மகாசபையின் தலைமையையும் அவர் ஏற்றார். இவ்வளவும் வாசகத்தில் ஒரு பத்தியாக வருதல் எளிது. ஆயின் அவர் வாழ்க்கையில் சிறார்க்கு உண்மையாகப் பயன்படுவது அவருடைய முப்பதாம் வயதில் நிகழ்ந்தது. அதனைக் கூறுவார் அரியர்.

1882-இல் சேலத்தில் இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் இடையே, பள்ளிவாசல் வழியே மேளதாளத்துடன் ஊர்வலம் செல்வது பற்றி எழுந்த பூசல் பெருங்கலகமாய் மூண்டது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவ்வாண்டில்தான் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானத்தை வெளியிட்டிருந்தார். விஜயராகவாச்சாரியார் அப்பொழுது சேலம் நகராண்மைக் கழக உறுப்பினர். கலகத்தைத் தூண்டினார் என்று அவர்மேற் குற்றம் சாட்டி, பத்தாண்டுத் தண்டனை விதித்தனர். உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார்; எர்ட்லி நார்ட்டன் அவருக்காக வழக்காடினார்; குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார். மற்றொருவராயின் இத்துடன் அமைந்திருப்பர். அவரோ, நகராண்மைக் கழகத்திலிருந்து தம்மை நீக்கிய ஆணையும் முறையற்றது என்று இந்திய மந்திரியின்மேலேயே வழக்குத் தொடுத்தார். 1884-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இழப்பீடு நூறு ரூபாய்.

நூறு ரூபாய் என்றதும் மாணவர் நகைப்பர். அந்நகையிலிருந்தே பாடம் தொடங்கலாம். பதவியிலிருந்து ஒருவரை நீக்குமுன் அவருக்கு அறிவிப்புத் தந்து, அவர் கூறுவதைக் கேட்டல் வேண்டும் என்னும் நெறியைப் பற்றிச் சட்ட நூலார் இவ்வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுவர். தெருப்பூசல் ஒன்றிலிருந்து பிறந்து, சேலத்து வழக்கறிஞர் ஒருவரின் விடாப்பிடியால் நாட்டுக்குக் கிடைத்த உரிமை இது. வாளேந்திய வீரரை வரையும் ஓவியர்க்கு இதில் வரைய ஒன்றுமில்லை என்பதே இவர் மறக்கப்பட்டதற்கு ஒரு காரணம் என்று யான் கருதுகின்றேன். மற்றொரு காரணமும் உண்டு. கலகத்தை மறைத்து அவரை மட்டும் கூறினால் கதை விளங்காது. கலகத்தைக் கூறினாலோ, வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இரு சமயத்துச் சிறார் முன்னிலையிற் கூறவேண்டும். அஞ்சி விட்டுவிடுகின்றனர். இடிந்த பள்ளிவாசலையும், குற்றமின்றித் தண்டனை பெற்ற வழக்கறிஞரையும் ஒரே பக்கத்தில் நேர்மையாக எழுத இயலும். ஒருவர் துன்பத்தைக் கூறுவது மற்றவர் துன்பத்தைக் குறைப்பதாகாது.

இவ்வழக்கைப் பற்றிய சில சுருக்க வரலாறுகளில் ஒரு பிழை புகுந்துள்ளது. கலகத்திற் சிறைப்பட்டோர் அந்தமான் செல்லுலார் சிறையில் அடைக்கப்பட்டதாகவும், அவர் ரிப்பனிடம் முறையிட்டு அவர்களை விடுவித்ததாகவும் எழுதுகின்றனர். முறையீடு பற்றி ஐயமில்லை. ஆனால், செல்லுலார் சிறை 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிந்தது. ரிப்பன் 1884-இல் இந்தியாவை விட்டு நீங்கினார். அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் 1858 முதல் இருந்ததாகலின், நாடுகடத்தப்பட்டோர் அங்குச் சென்றிருத்தல் கூடும், அச்சிறைக்கன்று. பிற்காலப் புகழ்பெற்ற பெயரொன்று முற்கால நிகழ்ச்சியின்மேல் ஏறிக்கொள்வது வரலாற்றில் அடிக்கடி நேர்வது. பத்தாம் வகுப்பு மாணவர்க்கு இவ்வாண்டுகளைக் கொடுத்து, பிழையைக் கண்டுபிடிக்குமாறு கூறின், அவர்களே கண்டுபிடிப்பர். கண்டுபிடித்த மகிழ்ச்சியில் விஜயராகவாச்சாரியாரை மறக்கவும் மாட்டார்.

எவரை வீரர் எனக் கூறுவது என்பதிலும் வாசக ஆசிரியர்க்கு இடர் உண்டு. 1950 பிப்ரவரி 11-இல், குடியரசு தோன்றிப் பதினாறாம் நாள், சேலம் மத்தியச் சிறையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்தனர். பெரும்பாலோர் மலபார்ப் பகுதியிலிருந்து கொணரப்பட்ட பொதுவுடைமைக் கட்சியினர். அவர்தம் கட்சியார் அவரை ஈகியர் என்பர். அரசுத் தரப்பார் அந்நாளில் வேறு கூறினர். சேலத்துப் பள்ளிச் சிறுவன் அச்சிறை மதிலைக் கடந்து நாள்தோறும் நடந்திருப்பான். இதனை அவன் வாசகம் கூறியதில்லை. வீரர் என்றோ அல்லர் என்றோ வாசகம் தீர்ப்பளிக்க வேண்டுவதில்லை. நாளும் எண்ணும் இடமும் ஐயத்துக்கு இடமற்றவை. அவற்றைக் கூறி, இருதரப்பார் சொல்லையும் எதிரெதிரே வைத்தாற் போதும்.

பெயரளவிலும் அறியப்படாத எளியோரைக் காட்டுதற்கு நடுகற்கள் உள்ளன. பழைய தகடூர் நாட்டில் இவை மிகுதி. தருமபுரி அருங்காட்சியகத்திலேயே பல உள்ளன. ஆனிரை காக்கவும் கவரவும் சென்று பட்டவர்க்கு ஊரார் எடுத்த கற்கள் இவை. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுதலின், இலக்கணப் பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் ஒருங்கே நடத்தலாம். தகடூர் நாட்டுக்குக் கிழக்கே செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று நிற்கின்றது. எருமை மந்தையைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்தது அது. அவன் உருவத்தருகே ஒரு நாயின் உருவமும் உண்டு. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லே கூறுகின்றது. பல்லவப் பேரரசனின் பெயர் அக்கல்லில் ஆண்டு குறிக்கும் பொருட்டு மட்டுமே வருகின்றது. ஆறாம் வகுப்பு மாணவர்க்கு இதன் படத்தைக் காட்டி, இக்கல்லை எடுத்தவர் யார், எழுதத் தெரிந்தவர் அவ்வூரில் எவர், நாயின் பெயரை எழுதச் சொன்னவர் எவராக இருத்தல் கூடும், எருமைகள் எத்தனை என்று ஏன் எழுதவில்லை என வினவுக. முதல் வினாவுக்கும் இறுதி வினாவுக்கும் நம்மிடமே முடிந்த விடை இல்லை. மாணவர் கூறும் விடைகளை அவர்தம் குறிப்பேட்டிலேயே எழுதி வைக்கச் செய்க.